நீ சொன்னதாக நான் சொன்னது

என் அன்புப் பார்வதி,

நீ இருக்கும் இடத்தில் ரப்பர் மரம் இருக்காது, காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடிக்காது, என் பேச்சும் கேட்காது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். என் பேச்சு கேட்காத இடம்தான் உனக்குச் சொர்க்கம் என்று நீயே பலமுறை சொல்லியிருக்கிறாய். ஆனாலும் இந்த ஒருமுறை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன் வருஷத் திதி. லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் சாப்பிட வருவார்கள். இலை போடுவதற்கு முன் அவர்கள் முன்னால் நின்று இதை வாசிக்கப் போகிறேன். உனக்குத் தெரிந்த கதைகளையும் அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கம்போல இழுக்கிறான் என்று சலித்துக்கொள்ளாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பெயரைச் சொல்லி ஒரு பொய் சொன்னேன் பார்வதி. நீ உயிர் போகிற நேரத்தில் சொன்னதாக, நீ சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அதை நம்பி நம் மகள் சுகந்தி தன் வேலையை விட்டுக்கொடுத்தாள். எழுதும்போதே எனக்குக் காது சுடுகிறது.

நான் இந்தத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில் பல வருஷம் தொழிற்சங்கத் தலைவனாக இருந்தவன். எனக்கு இருந்த ஒரே சொத்து வாய்தான் என்று உன் அண்ணன் சொல்வார். பெரட்டுக்களத்தில் நான் பேச ஆரம்பித்தால் கங்காணிகூடக் குடையை மடக்கிவிட்டுக் கேட்பார். வீட்டுக்கு வந்தால் நீ பாத்திரம் கழுவிக்கொண்டே, "இன்னிக்கு எத்தன வாளி தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்பாய். ரப்பர் பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுகிறவர்களை, பாலை நிறுத்து வாங்கும் ஸ்டோரில் பிடித்துவிடுவார்கள். பேச்சில் கண்ணீரை ஊற்றிக் கூட்டுகிறவர்களை நாம் இரண்டு பேரும் பிடித்தோம். அதற்குத் 'தண்ணிப் பால்' என்று பெயர் வைத்தவள் நீதான்.

அதுதானே நம் விளையாட்டு? சாயங்காலம் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, அன்றைக்கு லயத்தில் யார் யாரிடம் என்ன பேசி எப்படி ஜெயித்தார்கள் என்று பிரித்துப் பார்ப்போம். பைப்பில் தண்ணீர் வரவில்லை என்று ஒருத்தி முறைப்பாடு சொல்வாள். "ஒன் மருமக ஒன்னோட இருக்காளா? நீ பைப்பப் பத்திப் பேச வந்துட்ட!" என்று இன்னொருத்தி கேட்பாள். பைப்புக்கும் மருமகளுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கேட்க வந்தவள் முகம் செத்துப்போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மரத்தை விட்டுவிட்டு ஆளை வெட்டுகிறார்கள் என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து அதற்கு 'ஆளை வெட்டுறது' என்றே பெயராகிவிட்டது.

உன்னையும் நான் சும்மா விட்டதில்லை. "லயம் முழுக்க டிவி வந்திரிச்சிங்க, நம்ம காம்பராவுலதான் இல்ல" என்று நீ ஒருநாள் மூக்கைச் சிந்தினாய்.

"லயம் முழுக்கன்னா யாரு யாரு வீட்டுல?"

"பாக்கியம் வீட்டுல."

"அப்புறம்?"

"பாக்கியம் மருமக வீட்டுல."

"அது ரெண்டும் ஒரே வீடு புள்ள!"

உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுதாய். அடுத்த மாதம் டிவியும் வந்தது. தந்திரம் தெரிந்துவிட்டால் அதில் விழமாட்டோம் என்று யார் சொன்னது? நான் தெரிந்தேதான் விழுந்தேன்.

வேலை நிறுத்தம் பற்றிப் பேசக் கூட்டம் போட்ட நாளும் உனக்கு ஞாபகம் இருக்கும். "இங்க ரெண்டே வழிதான். ஒண்ணு சங்கத்தோட நில்லுங்க, இல்லாட்டி துரை காலப் போயி புடிங்க" என்று முழங்கினேன். இன்னும் ஒரு கிழமை பேசிப் பார்க்கலாமே என்று மெதுவாகச் சொன்ன ராமன் அண்ணன், அந்தக் கைதட்டலில் தோட்டத்துத் துரையின் ஆளாகிப்போனார். அன்று வீட்டில் நீ சிரிக்கவில்லை. "லயத்துக் காம்பராவுக்குத்தான் ரெண்டு வாசல். பேச்சுக்குமா?" என்றாய். நான் அதையும் ஒரு நல்ல வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் வேறு எதற்கோ பயன்படுத்தினேன்.

நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு மூலையில் ஒருத்தி பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாளே, அவளைப் பற்றி நாம் யோசிக்கவே இல்லை.

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேறினாற்போல இருந்தாய். அந்தத் தைரியத்தில் சுகந்தி டீச்சர் வேலைக்கான பரீட்சை எழுதக் கேகாலைக்குப் போனாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. உன் வாயில் பால் ஊற்றியது நான் ஒருவன்தான். நம் ஆட்களிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பாலை யார் ஊற்றினார்களோ, போன உயிர் என்ன சொல்லிவிட்டுப் போனது என்று அவர்களிடம்தான் கேட்பார்கள். அவர்கள் சொன்னால் சொன்னதுதான். அதற்குச் சாட்சி கேட்கிற வழக்கம் இல்லை.

சாவு வீட்டில் எல்லாரும் என்னிடம் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை, நல்லபடியாகத்தான் போனாள் என்று அப்போது உண்மையைத்தான் சொன்னேன். சுகந்தி சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தான் பரீட்சைக்குப் போயிருக்கக் கூடாது என்று அதன்பிறகு அவள் சொல்லாத நாள் இல்லை.

மாதங்கள் போயின. சுகந்தி அந்தப் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டாள். பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. அடுத்த தவணை தொடங்கும்போது போய்ச் சேர வேண்டும். தூரம்தான், அங்கேயே தங்கித்தான் ஆக வேண்டும். அவள் சந்தோஷத்தில் குதிக்கவில்லை. உன் படத்துக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டாள்.

அதே கிழமை கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். செத்துப்போனவள் பால் வெட்டிய மரங்கள் வேண்டுமா என்று முதலில் அவள் மகளிடம் கேட்பது இங்கே மரியாதை. அவள் வேண்டாம் என்றால்தான் அடுத்த ஆளுக்குப் போகும். உன் மரங்களை இத்தனை நாள் தற்காலிகமாக ஆள் வைத்து வெட்டியிருந்தார்கள். "சுகந்திக்கு வேணுமா வேணாமான்னு சொல்லிருங்க தலைவரே" என்றார். திரும்பிப் போகும்போது இன்னொன்றும் சொன்னார். "வீட்டுல ஒரு பேராவது செக்ரோல்ல இருந்தா நல்லது. இல்லாட்டி காம்பராவப் பத்தி துரை கேப்பாரு."

பள்ளத்தில் விழுந்து கால் முறிந்த பிறகு செக்ரோல் என்கிற வேலைப் பதிவிலிருந்து என் பெயரை வெட்டிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அதன்பின் தோட்டம் கொடுத்த இந்தக் காம்பரா வீட்டில் நாம் இருந்தது உன் பெயரில். துரை கேட்பார் என்றுதான் அவர் சொன்னார், வெளியேற்றுவார் என்று சொல்லவில்லை. சங்கத்தில் இருந்தவன் நான், ஆபீசுக்குப் போய் விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. காம்பரா போய்விடுமோ என்ற பயம் பாதி. அதைவிடப் பெரிய பயம், அவள் போன பிறகு இந்த ஒற்றைக் காம்பராவில் நானும் டிவியும் மட்டும் உட்கார்ந்திருப்போமே என்பது. அதை யாரிடமும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

சுகந்திக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு, ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் நம் வாசலில் கூடிவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா லெட்சுமி, அவள் புருஷன், பாக்கியம், இன்னும் பல பேர். போகட்டும் என்று சிலர் சொன்னார்கள், வேண்டாம் என்று சிலர். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நானும் பழைய பெரட்டுக்களத்து நினைப்பில் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பஸ்ஸ நிப்பாட்டி ஐடி கேக்குற காலம் இது. தமிழ்ப் புள்ள தனியா போயி, செக் பொயிண்ட்ல எறக்கி வச்சிக்கிட்டா என்ன செய்வ?" என்றேன்.

"கேகாலைக்குப் போனப்பவும் எறக்கித்தான் கேட்டாங்கப்பா. அப்ப நீங்கதான் பஸ் ஏத்தி விட்டீங்க."

"தெரியாத ஊர்ல போயி தங்குவ. எவனாவது ஒருத்தன் ஒண்ணு பேசுவான். அப்புறம் ஊரு பேசும். அப்புறம் மாப்பிள்ளை கெடைக்காது. அப்புறம் ஒன் தங்கச்சியையும் எவனும் கட்டமாட்டான்..."

"அப்பா, உருட்டுறீங்க. மலை உச்சியில இருந்து களனி கங்கை வரைக்கும் உருட்டிட்டீங்க. எனக்குத் தங்கச்சியே இல்லையே!"

எல்லாரும் சிரித்தார்கள். 'உருட்டுறது' நாம் வைத்த பெயர்தான் பார்வதி. ஒரு சின்னக் கல்லைத் தள்ளிவிட்டு, அது ஆறு வரைக்கும் போய் ஆளைக் கொல்லும் என்று பயமுறுத்துவதற்கு வைத்தது. நம் வீட்டில் வைத்த பெயர் நம் வாசலில் எனக்கே திரும்பி வந்தது.

"முனியாண்டி மக வெளிய போச்சு. அழுதுகிட்டுத்தானே திரும்பி வந்துச்சு?" என்றேன்.

"ஒரு மரத்துல பால் வரலன்னா தோட்டத்தையே வெட்டிருவீங்களாப்பா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ரெண்டு எழுத்து படிச்சதும் அப்பனையே மடக்குற திமிரு வந்திரிச்சி" என்றேன். அவள் சத்தம் போடவில்லை. "இது ஆளை வெட்டுறதுப்பா" என்று மெதுவாகத்தான் சொன்னாள். லெட்சுமியின் புருஷன் தொடையைத் தட்டிக்கொண்டு, "தலைவரே, ஒங்க கத்தியாலயே ஒங்கள வெட்டுது புள்ள!" என்றான். மறுபடியும் சிரிப்பு. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் கூட்டத்தில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ போனா நான் தனியா கெடப்பேன், எனக்குப் பயமா இருக்கு என்று சொல்லியிருந்தால் அது தந்திரம் இல்லை, ஒரு காரணம். அதை அவள் எடைபோட்டுப் பார்த்திருப்பாள். நான் அதைச் சொல்லவில்லை. உன் படத்தைக் கையால் காட்டி இதைச் சொன்னேன்:

"ஒங்கம்மா உசுரு போறப்ப என் கையப் புடிச்சிக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? புள்ளைய என் மரத்த விட்டு அனுப்பிறாதீங்கன்னு சொன்னா. போ. இப்ப போ, பாப்போம்."

சிரித்தவர்கள் எல்லாரும் உன் படத்தைப் பார்த்தார்கள். சுகந்தி என்னையே பார்த்தாள். நாம் எத்தனையோ தந்திரத்துக்குப் பெயர் வைத்தோம், இதற்குப் பெயர் வைக்கவில்லை. நம் வீட்டில் யாரும் இதைச் செய்வார்கள் என்று நமக்குத் தோன்றவில்லை.

"அம்மா அப்படியாப்பா சொன்னாங்க?"

"ஆமா."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன். மறுநாள் காலையில் அவள் பெரட்டுக்குப் போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டு, உன் பால் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு உன் மரங்களுக்குப் போனாள்.

பிறகு நடந்ததைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. முதல் நாள் வேலை முடிந்து வந்தவள் கைகழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா வேற என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டாள். "உன்னைக் கேட்டா" என்றேன். அடுத்த நாளும் கேட்டாள். "பரீட்சை நல்லா எழுதும்னு சொன்னா" என்றேன். அதற்கடுத்து, "உன்ன நெனச்சு ஒருதடவ சிரிச்சா" என்றேன். அவள் முகம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெளியும். பரீட்சைக்குப் போனதால் உன்னை விட்டுவிட்டோம் என்று இத்தனை மாதமாகப் புழுங்கிய பிள்ளை அல்லவா? அவள் பசிக்கு நான் பொய்யைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். நல்ல பொய்கள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அவளுக்குப் பால் வெட்ட வரவில்லை பார்வதி. ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்துகிறாள் என்று கங்காணி ஏசினார். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையே மடக்கிய வாய் அது.

ஒருநாள் பாக்கியம் வந்து சொன்னாள்: "என்கிட்டயும் இதத்தான் சொல்லிச்சு தலைவரே. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு, புள்ள என் மரத்த விட்டுப் போயிறக் கூடாதுன்னு." நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை, நீ சொன்னதாகவே நம்பிவிட்டாள். இன்னும் இரண்டு பேர் அதேபோலச் சொன்னார்கள். 'லயம் முழுக்க' என்று நாம் கிண்டல் பண்ணுவோமே, இந்தமுறை நிஜமாகவே லயம் முழுக்க நீ சொன்னதைக் கேட்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு காலை நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை சொல்லியிருப்பாளோ?

போன கிழமை லெட்சுமியின் மகள் மலர் நம் வாசலில் நின்று அழுதாள். ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் படிக்க டவுனுக்குப் போக ஆசைப்பட்ட பிள்ளை. லெட்சுமி அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்: "பார்வதி அக்கா எவ்வளவு வெவரமான மனுஷி! அதுவே சாகறப்ப புள்ளைய மரத்த விட்டு அனுப்ப வேணாம்னு சொல்லிருக்கு. ஒனக்கு மட்டும் என்ன? டீச்சர் வேல கெடைச்ச சுகந்தியே பால் வெட்டுது. நீ என்ன பெரிய இவளா?"

மலர் சுகந்தியைப் பார்த்தாள். சுகந்தி தலையைக் குனிந்துகொண்டு, "பெரியவங்க சொன்னா கேட்டுக்க மலர்" என்றாள். நாம் வளர்த்த பிள்ளை அதைச் சொன்னது பார்வதி. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உன் படத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போனபோது குசுமாவைப் பார்த்தேன். பக்கத்துச் சிங்கள ஊரிலிருந்து வந்து உன் மரங்களுக்கு அடுத்த வரிசையில் பால் வெட்டுகிற உன் சிநேகிதிதான். என்னைக் கண்டதும் ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அனே தலைவர் மாத்தயா, பார்வதி எனக்கு வேற கதை சொன்னது. துவ டீச்சர் வந்தா நல்ல சாரி ஒண்ணு வாங்கிக் குடுக்குறதுன்னு சொன்னது. ஹரி ஆசையா சொன்னது. இப்ப ஏன் துவ பால் வெட்டுறது?"

நீ நம் மகளைப் பற்றி, அவள் பாஷையில் 'துவ'வைப் பற்றி, அவளிடம் பேசியிருக்கிறாய். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, கேவலமான யோசனை. குசுமா சொன்னதை எடுத்துக்கொண்டு, "அம்மா கடைசியா மனசு மாறி டீச்சர் வேலைக்கே போகச் சொன்னாங்க, எனக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு" என்று சொல்லிவிட்டால் என்ன? பிள்ளையும் போய்விடும், நானும் தப்பித்துக்கொள்வேன், உன் பெயரும் கெடாது. பைப்படி வரைக்கும் அந்தப் பேச்சை மனசுக்குள் அழகாகக் கோத்துக்கொண்டே வந்தேன். அங்கே வந்ததும் உறைத்தது. பிள்ளை போக வேண்டிய பக்கம் சரியாக இருந்தாலும் நான் தள்ளுகிற கை அதே கைதான். சாரி வாங்கித் தருவேன் என்று உயிரோடு இருக்கும்போது நீ ஆசையாகச் சொன்னது உண்மையாக இருக்கும். ஆனால் அதையும் நான் சாவுப் படுக்கைக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தேன்.

நேற்றுப் பகல் சுகந்தி பால் நிறுத்துவிட்டு வந்தாள். சாப்பிடட்டும் என்று காத்திருந்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு எப்போதும்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

"ஒங்கம்மா மரத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

அவளுக்கு உடனே புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். தனியாகக் கிடக்கப் பயந்து சொன்னேன், காம்பரா போய்விடுமோ என்று பயந்து சொன்னேன், எல்லாரும் சிரித்ததைத் தாங்க முடியாமல் சொன்னேன் என்று மூன்றையும் சொன்னேன். பேச்சில் எந்த அலங்காரமும் வரவில்லை, வாய் குழறியது. அழுகை வந்தபோது அடக்கிக்கொண்டேன். அழுதால் அவள் இரக்கப்படுவாள், அதுவும் தண்ணிப் பால்தான் என்று தோன்றியது.

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். இல்லையென்றால் வேலைக்குப் போகலாம் என்று நிம்மதிப்படுவாள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"என்னக் கேட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"பொய்."

"பரீட்சை நல்லா எழுதும்னு?"

"அதுவும்."

"சிரிச்சாங்கன்னு சொன்னீங்களேப்பா?"

அதுவும் பொய்தான் என்று தலையை ஆட்டினேன். அப்போதுதான் அவள் முகம் உடைந்தது. உன்னை அன்றைக்குத்தான் பறிகொடுத்தவள்போல அழுதாள். நான் அவளுடைய வேலையை மட்டும் எடுக்கவில்லை பார்வதி. இத்தனை நாளாக அவள் தினமும் காலையில் மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு போன உன் வார்த்தைகளையும் எடுத்துவிட்டேன். இதற்கு நான் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது?

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா உண்மையிலேயே என்னதான் சொன்னாங்க? ஒண்ணுமே சொல்லலியா?"

"ஒண்ணு சொன்னா. சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. கொடியில துணி கெடக்கு, போயி எடுங்கன்னா. நான் ஒன்ன விட்டுட்டு எப்படிப் போறதுன்னு கையப் புடிச்சிக்கிட்டே இருந்தேன். 'நனைஞ்சிரும்ங்க'ன்னா. அவ்வளவுதான். அப்புறம் பேச்சு இல்ல."

நம்பமாட்டாள் என்றுதான் நினைத்தேன். இத்தனை பொய்க்குப் பிறகு என் வாயிலிருந்து வருகிற எதையும் அவள் ஏன் நம்ப வேண்டும்?

"ஆமா," என்றாள். "நான் பஸ் எறங்கி ஓடி வந்தப்ப என் ஸ்கூல் வெள்ளச் சட்டையும் அம்மா சேலையும் கொடியில சொட்டச் சொட்ட நனைஞ்சி கெடந்துச்சு. சாவு வீட்டுல யாரும் எடுக்கலன்னு நான்தான் போயி எடுத்தேன்." அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "சாகறப்பவும் துணியத்தான் நெனச்சிருக்காங்க. இதுதாம்ப்பா அம்மா. நீங்க சொன்னதெல்லாம் அம்மா பேசுற மாதிரியே இல்ல. ஆனா நான் நம்பிட்டேன்."

பிறகு எழுந்தாள். "எல்லாரு முன்னாடியும் சொன்னீங்கல்ல? எல்லாரு முன்னாடியும் இல்லன்னு சொல்லுங்க. மலருக்கும் லெட்சுமி அக்காவுக்கும் கேக்கணும். நான் போறதப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அத நானே சொல்லிக்கிறேன்." இன்று காலையில் பெரட்டுக்குப் போய் உன் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நல்லவேளை, தவணை இன்னும் தொடங்கவில்லை; திதி முடிந்த மறுநாள் பலாங்கொடைக்குப் புறப்படுகிறாள். என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். அது எனக்கு வேண்டியதுதான்.

காம்பரா என்னவாகும் என்று தெரியாது. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய் நானே கேட்கப் போகிறேன். கேட்காமலே பயந்தது போதும்.

பார்வதி, இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் யாராவது எழுந்து, "பார்வதி இருந்திருந்தா ஒங்கள மன்னிச்சிருக்கும் தலைவரே" என்பார்கள். நம் ஆட்களின் நல்ல மனசு எனக்குத் தெரியும். அதற்கும் நான் தலையாட்டமாட்டேன். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். இனிமேல் எந்தச் சண்டையிலும், எந்த நல்ல காரியத்துக்கும், உன்னை என் பக்கத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடமாட்டேன். எனக்கு ஒன்று வேண்டுமென்றால் எனக்கு வேண்டும் என்பேன், பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்பேன். இது சத்தியம். உன் தலைமேல் அடித்துச் செய்யவில்லை, என் தலைமேல் அடித்துச் செய்கிறேன்.

அன்றைக்கு நான் போய் அந்தத் துணியை எடுத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் சுகந்தியின் அப்பன்